பழைய எண், புதிய எண்

சென்னையில் நான் முதன்முதலாக வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். மேலே ‘புதிய எண் 42’. அதன் கீழே, சாயம் மங்கிப்போய், ‘பழைய எண் 17’. தெருவுக்கு மறுபடி எண் போட்ட பிறகும் பழையதை யாரும் அழிக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா எழுதும் கடிதத்தில் 17 இருக்கும். வங்கியிலிருந்து வரும் உறையில் 42 இருக்கும். தபால்காரர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். ஒரு முகவரியை மாற்றுகிறவன் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதை அந்தச் சுவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது விளங்க வெகுகாலம் ஆயிற்று.

2013ல் ஒரு சிறு பதிப்பகத்துக்கு இணையதளம் செய்துகொடுக்க ஒப்புக்கொண்டேன். உரிமையாளர் திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

“ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியா ஒரு பக்கம் வேணும் தம்பி. அந்தப் பக்கத்தோட முகவரிய புத்தகத்தோட பின்னட்டையிலேயே அச்சடிச்சிருவோம். படிச்சு முடிச்சவன் அதைப் பார்த்து அந்த ஆசிரியரோட அடுத்த புத்தகத்துக்கு வரணும்லா.”

நான் அப்போது கோ மொழியைப் புதிதாகக் கற்றிருந்தேன். கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் தொடங்கி 2009 நவம்பரில் வெளியிட்ட மொழி. 2012 மார்ச்சில் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது. வேறு எதையும் நிறுவாமல், மொழியோடு வரும் நூலகத்தை வைத்தே ஒரு வெப் சர்வரை இருபது வரியில் எழுதிவிடலாம் என்பது எனக்குப் பெரிய வசீகரமாக இருந்தது. அண்ணாச்சியின் தளத்தை அதில்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

இருநூறு புத்தகத்துக்கு இருநூறு கோப்புகள் தேவையில்லை. பக்கத்தின் அச்சு ஒன்று. முகவரியின் கடைசியில் வரும் எண்தான் எந்தப் புத்தகம் என்று சொல்லும். ‘/புக்ஸ்/42’ என்று கேட்டால் 42ஆம் புத்தகம், ‘/புக்ஸ்/43’ என்று கேட்டால் அடுத்தது. நிரலில் இதெல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தது. இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். இப்படி ஒரு துண்டு நிலையாகவும் ஒரு துண்டு மாறிக்கொண்டும் இருக்கும் முகவரியை டைனமிக் பாதை என்போம். கேட்க எளிது. அந்த மாறும் துண்டைப் பிடித்து எடுப்பதில்தான் என் அடுத்த சில வருடங்கள் போயின.

எந்த முகவரி வந்தால் எந்த ஹேண்ட்லரிடம், அதாவது பதில் தரும் எந்த ஃபங்ஷனிடம், கொடுப்பது என்று பிரித்து அனுப்புவதற்குக் கோ மொழியில் ‘சர்வ்மக்ஸ்’ என்று ஒன்று உண்டு. அன்றைய சர்வ்மக்ஸுக்கு இரண்டு வடிவங்கள்தான் தெரியும். கடைசியில் சாய்கோடு இல்லாமல் பதிவு செய்தால் அந்த ஒரு முகவரி மட்டும். சாய்கோட்டோடு பதிவு செய்தால் அதற்குக் கீழே உள்ள கிளை முழுவதும். இரண்டு பதிவுகள் பொருந்தினால் நீளமானது வெல்லும். அவ்வளவுதான். ‘/புக்ஸ்/’ என்று பதிவு செய்தால் அதன்கீழ் வரும் அத்தனை கோரிக்கையும் என் ஒரே ஹேண்ட்லருக்கு வந்து சேரும். தெருமுனைவரை கொண்டுவந்து விட்டுவிடும்; வீட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோ தளத்தில் தொடக்கக்காரர்களுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. சின்னதாக ஒரு விக்கி எழுதக் கற்றுக்கொடுப்பது. அதில் முதலில் பாதையின் முன்பகுதியை அதன் நீளத்தை வைத்து வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுப்பார்கள். பிறகு, கண்டதையெல்லாம் நம்பக்கூடாது என்று சொல்லி, ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்துப் பாதையைச் சோதிப்பார்கள். நல்ல பாடம். நான் அதை அப்படியே எடுத்து ஆசிரியர் பக்கங்களுக்குப் போட்டேன். அந்தப் பக்கங்களுக்கு எண் வேண்டாம், ஆசிரியர் பெயரே தமிழில் இருக்கட்டும் என்பது அண்ணாச்சியின் விருப்பம். ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. எல்லாம் 404.

காரணம் அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனின் சதுர அடைப்புக்குள் இருந்தது. ஏ முதல் இஸட் வரை ஆங்கில எழுத்துகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை இலக்கங்கள். அதற்கு வெளியே உள்ள எதுவும் முகவரியாகாது. சரி, யூனிகோடில் ‘எழுத்து’ என்று ஒரு வகை இருக்கிறதே என்று அதைப் போட்டேன். அப்போதும் ‘மலர்’ என்ற பெயர் திறக்கவில்லை. ம வந்தது, ல வந்தது, ர வந்தது, புள்ளியில் நின்றுவிட்டது. யூனிகோடின் கணக்கில் புள்ளியும் கால், கொம்பு, விசிறியும் எழுத்துகள் அல்ல. எழுத்தோடு சேரும் குறிகள். கடைசியில் ‘தமிழ் வரிவடிவம்’ என்ற வகையையே நேராகக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. ஒரு மொழியின் பெயர்ச்சொல்லை முகவரியாக ஏற்க வேண்டுமானால் அந்த மொழி எப்படி எழுதப்படுகிறது என்று நிரலாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

புத்தகப் பக்கங்களுக்கு வேறு வழி. பாதையைச் சாய்கோட்டில் உடைப்பேன். ‘/புக்ஸ்/42’ மூன்று துண்டாகும்: முதல் துண்டு வெறுமை, இரண்டாவது ‘புக்ஸ்’, மூன்றாவது எண். பிறகு வாசகர் விமர்சனங்கள் வந்தன. ‘/புக்ஸ்/42/ரிவியூஸ்/7’. ஐந்தாவது துண்டை எடுத்தால் விமர்சனத்தின் எண். ஒருவர் அந்த 7ஐ அழித்துவிட்டு ‘/புக்ஸ்/42/ரிவியூஸ்’ என்று மட்டும் தட்டினார். ஐந்தாவது துண்டே இல்லை. ஹேண்ட்லர் பானிக் ஆயிற்று. கோ சர்வர் அதைத் தாங்கிக்கொண்டு லாகில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஆனால் கேட்ட வாசகருக்குப் பதில் என்று ஒன்றும் போகாது, இணைப்பு அறுந்துவிடும். முகவரியை வால் பக்கமிருந்து வெட்டிப் பார்ப்பது வாசகரின் இயல்பு. தெருவில் வீட்டு எண் தெரியாவிட்டால் தெருமுனையில் நின்று கேட்போமே, அதுபோல. அவருக்குப் பதில் சொல்லத் தெரியாத சர்வர் எனக்கு அவமானமாக இருந்தது.

பார்ப்பதா, திருத்துவதா, அழிப்பதா என்று கோரிக்கையின் வகையையும் அதே இடத்தில் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு வருடத்தில் அந்த ஒரே ஃபங்ஷன் இருநூறு வரிக்கு வளர்ந்துவிட்டது.

*

2014ல் கொரில்லா மக்ஸ் என்ற ரவுட்டருக்கு, அதாவது சர்வ்மக்ஸின் வேலையைச் செய்யும் ஒரு வெளி நூலகத்துக்கு, மாறினேன். அன்று கோ மொழியில் எழுதியவர்களில் பலர் அதைத்தான் எடுத்தார்கள். முகவரியில் மாறும் துண்டை நெளிவு அடைப்புக்குள் பெயரிட்டு எழுதலாம். அது எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே விதியும் சேர்க்கலாம். இருநூறு வரிகள் சிறு சிறு ஹேண்ட்லர்களாகப் பிரிந்தன. பத்து வீட்டுக்கு ஒரே பெட்டி இருந்த இடத்தில் வீட்டுக்கொரு பெட்டி வைத்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு வேறு தளங்களுக்காக மற்ற ரவுட்டர்களையும் பழகினேன். எச்டிடிபிரவுட்டர் என்பது முகவரிகளை ரேடிக்ஸ் மரமாக அடுக்கி வைத்து வேகமாகத் தேடும். ஆனால் ‘/புக்ஸ்/நியூ’ என்ற நிலையான முகவரியையும் அதே இடத்தில் மாறும் துண்டு வரும் முகவரியையும் சேர்த்து ஏற்காது. கொரில்லா ஏற்கும், ஆனால் எது முதலில் பதிவானதோ அதுதான் வெல்லும். வரிசை மாறினால் ‘நியூ’ என்பதையே புத்தகத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். பிடித்த துண்டை ஹேண்ட்லரிடம் சேர்ப்பதற்கும் ஆளுக்கொரு வழி. கோரிக்கையோடு சேர்த்து எதையும் அனுப்பப் பொது ஏற்பாடு 2016ல் கோ 1.7ல்தான் மொழியின் நூலகத்துக்கு வந்தது. ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒவ்வொரு ஹேண்ட்லரையும் தொட்டாக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, 2015ல், நான் செய்த பெரிய தவறு ரவுட்டரில் இல்லை.

முகவரியில் எண் இருப்பது வறட்சியாக இருக்கிறது, புத்தகத்தின் பெயரே வரட்டும் என்று எனக்குத் தோன்றியது. ‘/புக்ஸ்/42’ போய் ‘/புக்ஸ்/கொடி’ வந்தது. அண்ணாச்சிக்கும் பிடித்தது. பழைய எண் முகவரிகளை எடுத்துவிட்டேன். எண்ணாக வரும் எதுவும் இனிப் புத்தகமில்லை, 404.

முதல் அடி தமிழிலிருந்தே விழுந்தது. ‘கொடி’ என்ற பக்கம் சிலருக்குத் திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. திரையில் இரண்டு சொல்லும் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருந்தன. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், இல்லையென்றால் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8ல் மூன்று பைட். முகவரியில் சதவீதக் குறியோடு போகும்போது ஒன்பது எழுத்தாகும். ஆகவே ஒரு ‘கொடி’ 36 எழுத்து நீளம், இன்னொரு ‘கொடி’ 45. பதிப்பகத்தின் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. அதில் 45 இருந்தது. வாசகர்கள் தட்டியது 36. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷனைச் சேர்த்து அதைச் சரிசெய்தேன்.

இரண்டாவது அடி சென்னைப் புத்தகக் காட்சியில் விழுந்தது. பதிப்பகத்தின் அரங்கில் நின்றுகொண்டிருந்தேன். எழுபது வயதிருக்கும் ஒருவர் கையில் 2013ல் வந்த புத்தகம் ஒன்றுடன் வந்தார். ஓரங்களெல்லாம் மடங்கி, நன்றாகப் படிக்கப்பட்ட பிரதி.

“தம்பி, பின்னட்டையில போட்டிருக்கிறத அப்படியே தட்டினேன். பக்கம் இல்லேன்னு வருது. இவரோட இன்னொரு நாவல் இருக்கா இல்லையா?”

“இருக்குங்க ஐயா. முகவரி மாறிடுச்சு.”

“மாறினது எனக்கு எப்படித் தெரியும்? இதுல இதான அச்சடிச்சிருக்கு?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நாவலை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அரங்கின் மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பின்னட்டையிலும் நான் கொன்ற முகவரி. சர்வரில் இருப்பதை ஒரு நொடியில் மாற்றலாம்; காகிதத்தில் ஏறியதை மாற்ற முடியாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று எழுதிவைத்திருந்தார். அதை நான் படித்தும் இருந்தேன். அந்தப் பெரியவர் கேட்ட பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

அன்றிரவே உட்கார்ந்தேன். முகவரி ‘/புக்ஸ்/42/கொடி’ என்றாயிற்று. எண்தான் புத்தகத்தைத் தீர்மானிக்கும். பெயர் படிப்பவர் கண்ணுக்காக. பெயர் தப்பாக வந்தாலும் எண் சரியாக இருந்தால் சரியான முகவரிக்கு 301 சொல்லி அனுப்பிவைக்கும். வெறும் எண்ணோடு வந்தாலும் அப்படியே. நடுவில் சில காலம் நான் கொடுத்திருந்த வெறும் பெயர் முகவரிகளுக்கு ஒரு பட்டியல் வைத்து, அதையும் அனுப்பிவைத்தேன். வாசலில் மறுபடியும் இரண்டு எண்களை எழுதிவைத்த மாதிரி.

*

2022 டிசம்பரில் கொரில்லா திட்டத்தைப் பராமரித்தவர்கள் அதைக் காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். பல வருடம் தங்கள் நேரத்தைக் கொடுத்துக் கட்டிக்காத்தவர்கள்; பொறுப்பை ஏற்க ஆள் கிடைக்காமல்தான் நிறுத்தினார்கள். மறு வருடம் வேறு சிலர் முன்வந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் என் தளத்தின் ஒவ்வொரு கதவும் யாரோ சிலரின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை உணர்ந்தேன். அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

2024 பிப்ரவரியில் கோ 1.22 வந்தது. பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்ததை மொழியின் சொந்த சர்வ்மக்ஸே செய்யத் தொடங்கியது. அப்போது என்னோடு வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணிடம் தளத்தை மாற்றும் பொறுப்பைக் கொடுத்தேன். கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பழைய நிரலின் வரலாற்றில் அந்த இருநூறு வரி ஃபங்ஷனைக் கண்டுபிடித்து வந்து கேட்டாள்.

“அண்ணா, இது என்ன பண்ணுது? பாதையில இருந்து ஐடி எடுக்க மட்டுமா இவ்ளோ?”

“அதுக்குத்தாம்மா. அன்னிக்கு வேற வழி இல்ல.”

அவள் எழுதிக் காட்டியதில் புத்தகப் பக்கத்துக்கு ஒரே வரி. கோரிக்கையின் வகை ‘கெட்’, அதன் பிறகு ஒரு இடைவெளி, அதன் பிறகு பாதை, மாறும் துண்டுக்கு நெளிவு அடைப்பு. உள்ளே ‘பாத்வேல்யூ’ என்று கேட்டால் அந்தத் துண்டு கையில் கிடைக்கும். தவறான வகையில் கேட்டால் 405 என்று தானே பதில் சொல்லி, எந்த வகைகள் செல்லும் என்பதையும் தெரிவிக்கும். ‘/புக்ஸ்/நியூ’ம் மாறும் துண்டும் ஒன்றாக இருக்கலாம். எது குறிப்பானதோ அது வெல்லும்; பதிவு செய்த வரிசைக்கு இங்கே வேலையே இல்லை. இரண்டில் எது குறிப்பானது என்று சொல்ல முடியாமல் மோதினால் தொடக்கத்திலேயே பானிக் ஆகி நின்றுவிடும். பாதியிரவில் வாசகர் ஒருவர் கண்டுபிடிக்க வேண்டியதை நம் மேசையிலேயே காட்டிவிடுகிறது. மிச்சம் எத்தனை துண்டு வந்தாலும் வாரி எடுக்க மூன்று புள்ளி. முகப்புப் பக்கம் முகப்புக்கு மட்டும் என்று கட்ட ஒரு டாலர் குறி.

ஓட்டிப் பார்த்தபோது அத்தனையும் 404. அவள் முகம் வாடிவிட்டது. இருவருமாக ஒரு மணி நேரம் தேடினோம். நிரலில் ஒரு தவறும் இல்லை. தொகுதிக் கோப்பில் மொழியின் பதிப்பு 1.21 என்று பழையபடியே இருந்தது. பழைய தளங்கள் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக, கோப்பு பழைய பதிப்பைச் சொன்னால் சர்வ்மக்ஸும் பழைய விதிப்படியே நடந்துகொள்ளும். அந்த எண்ணை 1.22 ஆக்கியதும் எல்லாக் கதவும் திறந்தன. எங்களைச் சோதித்தாலும் அந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மரியாதைதான். கோ மொழியை நடத்துகிறவர்கள் தங்கள் வாசலிலும் பழைய எண்ணை அழிக்கவில்லை.

அன்று அவளிடம் சொன்னவற்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பாதையைப் பிரிக்கும் வேலையை இன்று மொழி எடுத்துக்கொண்டது. பிரித்துக் கொடுப்பது என்ன என்று பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. பாத்வேல்யூ தருவது எப்போதும் வெறும் எழுத்துச் சரம். கொரில்லாவைப் போல எண் மட்டும் என்று வடிவத்திலேயே விதி வைக்க முடியாது. எண்ணாக மாற்றும்போது ‘ஏடூஐ’ போட்டால் ‘+42’ஐயும் ‘-1’ஐயும் ஏற்றுக்கொள்ளும், ‘பார்ஸ்யூஇன்ட்’ போட்டால் குறியோடு வருவதை மறுக்கும். ‘042’ஐ இரண்டுமே ஏற்கும் என்பதால், ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரி வராமல் திருப்பி அனுப்புவது நம் பொறுப்பு. புத்தகங்களின் மாதிரிப் பக்கங்கள் உள்ள கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். சாய்கோட்டை சதவீதக் குறியாக மறைத்து அனுப்பினால் அது ஒரே துண்டாக நுழைந்து, பாத்வேல்யூவில் சாய்கோடாகவே வெளிவரும். மேல் கோப்புறைக்கு ஏறும் இரட்டைப் புள்ளியும் அதோடு வரலாம். அதைச் சோதிக்காமல் கோப்பைத் திறப்பது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம்.

எல்லாம் கேட்டுக்கொண்டு அவள் ஒரு மாலையில் முடித்தாள். கடைசியில் பழைய பட்டியலுக்கு வந்தாள்.

“அண்ணா, இந்த வெறும் பெயர் முகவரியெல்லாம் 2015க்கு அப்புறம் கொஞ்ச நாள்தான் இருந்திருக்கு. எடுத்துடலாமா? நிரல் சுத்தமா ஆயிடும்.”

லாகைத் திறந்து காட்டினேன். அந்த வாரத்தில் மட்டும் அப்படிச் சில கோரிக்கைகள் வந்திருந்தன. வெறும் எண் முகவரிகளுக்கு அதைவிட அதிகம். பழைய புத்தகக் கடையில் வாங்கியவரோ, நூலகத்தில் எடுத்தவரோ, எங்கோ ஒருவர் பின்னட்டையைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 301. ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. புத்தகக் காட்சியில் வந்த பெரியவரைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

அவள் அந்த வரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலை எடுக்கவில்லை. அதைக் கையாளும் ஹேண்ட்லருக்குத் தமிழில் பெயர் வைக்க முயன்றாள், முடியவில்லை. கோ மொழியில் பெயர்கள் எழுத்தாலும் இலக்கத்தாலும்தான் ஆக வேண்டும்; யூனிகோடின் குறிகளுக்கு அங்கே இடமில்லை. நெளிவு அடைப்புக்குள் ‘எண்’ என்று எழுதினாலும் அந்தப் புள்ளியில் பானிக் ஆகும். 2013ல் என்னை நிறுத்திய அதே புள்ளி. குறிப்புரையில் மட்டும் எதையும் எழுதலாம். அவள் ஹேண்ட்லருக்கு மேலே இரண்டு சாய்கோடு போட்டு, தமிழில் ஒரு வரி எழுதினாள்:

‘பழைய எண். அழிக்க வேண்டாம்.’